மரக்கிளையிலிருந்து மொட்டைமாடிக்கு

பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க மாட்டார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விளிம்பு உடைந்த பூந்தொட்டியிலோ கைப்பிடி போன பழைய வாளியிலோ அது நிற்கும். நிற்கும் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். பாதி சுவரில் சாய்ந்திருக்கும், மீதி தரையில் கிடக்கும். துணி காயப்போடும் கயிற்றின் மிச்சத்தால் யாரோ எப்போதோ அதைக் குழாயோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். யார் வைத்தது என்று கேட்டால், மாமியார் காலத்துச் செடி என்பார்கள்; முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போனது என்பார்கள். பெயர் கேட்டால் ஒருவர் பிரம்ம கமலம் என்பார், இன்னொருவர் நிஷாகந்தி என்பார், மூன்றாமவர் ‘ஏதோ கள்ளி’ என்று முடித்துக்கொள்வார்.

மூன்றாமவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது காக்டஸ் குடும்பத்துச் செடி; தாவரவியலார் வைத்த பெயர் எபிஃபில்லம் ஆக்சிபெட்டாலம். சொந்த ஊர் தெற்கு மெக்சிகோவும் அதையொட்டிய மத்திய அமெரிக்காவும். பாலைவனத்தில் பிறந்ததல்ல, காட்டு மரங்களின் மேல் வாழ்ந்தது. மொட்டைமாடிக்கு அது வந்து சேர்ந்ததும் விதையாக அல்ல, ஒடித்த துண்டாக. இந்த மூன்று சங்கதிகளும் தெரிந்துவிட்டால், தொட்டிக்குப் பின்னால் வாடிக் கிடப்பதற்கு என்ன குறை, அதை எப்படித் தேற்றுவது என்பதெல்லாம் பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

இதுதானா அது?

முதலில் பிரம்ம கமலக் கணக்கைத் தீர்த்துவிடலாம். உண்மையான பிரம்ம கமலம் இமயமலையில், கடல் மட்டத்துக்கு நாலாயிரம் மீட்டர் உயரத்தை ஒட்டிய குளிர்வெளிகளில் வளர்வது. சௌசூரியா என்னும் பேரினம், சூரியகாந்தியின் குடும்பம். உத்தராகண்டின் மாநில மலரும் அதுவே. கேதார்நாத்தில் பூசைக்குப் போவதும் அதுவே. சென்னையின் மாசி வெயிலைக்கூட அது தாங்காது. ‘வருடத்தில் ஒரே நாள் பூக்கும் அதிசயம்’ என்று பத்திரிகைகளில் படத்தோடு வருவது பெரும்பாலும் நம்முடைய மொட்டைமாடிக் காக்டஸ்தான். அதுவும் வருடத்துக்கு ஒரு நாள்தான் பூக்கும் என்பதில்லை. தெம்பாக இருக்கும் செடி ஆனியில் தொடங்கி ஐப்பசி வரைக்கும் விட்டுவிட்டுப் பலமுறை பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரே இரவு என்பது மட்டும் நிஜம்.

பூ இல்லாத காலத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ‘இலை’யைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு சாண் முதல் ஒரு முழம் வரை நீளம், சில இடங்களில் உள்ளங்கை அகலம், நடுவே தடித்த நரம்பு, ஓரங்களில் அலை அலையாக வளைவு. அது இலை இல்லை, தட்டையாகிப்போன தண்டு. சந்தேகமிருந்தால் அதன் அடியை நோக்கி விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டையாக இருந்தது ஒடுங்கி, கடைசியில் உருண்டைக் காம்பாகி, தாய்த்தண்டில் போய்ச் சேரும். ஓரத்து வளைவுகளின் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். காக்டஸ் குடும்பத்தின் முத்திரை அந்தப் புள்ளிதான். தாவரவியலில் ஏரியோல் என்கிறார்கள். தோட்டக்காரர் கண் என்பார். முள்ளானாலும் புதுத் தண்டானாலும் பூவானாலும் அந்தக் கண்ணிலிருந்துதான் கிளம்ப வேண்டும். இந்தச் செடியின் கண்களில் முள் இருக்காது. அடியிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் நெட்டுக்குத்தாகக் கிளம்பும் உருண்டைத் தண்டுகளில் மட்டும் மெல்லிய மயிர்போன்ற இழைகள் தென்படலாம்.

அடுத்த சோதனை, ஒடித்துப் பார்ப்பது. நம் ஊர் வேலிகளில் நிற்கும் சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் காக்டஸ் அல்ல. யூஃபோர்பியா என்னும் வேறு பேரினம். ஒடித்த இடத்தில் பால் குபுக்கென்று வரும், கண்ணில் பட்டால் வம்புதான். நம் செடியை ஒடித்தால் பால் வராது, வழவழப்பான நீர் கொஞ்சம் கசியும்.

இப்போது டிராகன் பழத் தோட்டங்கள் பெருகிவிட்டதால் இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் உறவுக்காரர்கள், பூவும் கிட்டத்தட்ட ஒரே சாயல். டிராகன் பழக் கொடிக்கு மூன்று பட்டை, பட்டையின் ஓரத்தில் குட்டிக் குட்டி முட்கள், சிமெண்ட் தூணைப் பற்றிக்கொள்ளும் வேர்கள். நம் செடியின் தண்டு இரண்டு பட்டைதான். சிவப்பாகப் பூத்துப் பகலிலும் விரிந்தே இருந்தால் அது டிசோகாக்டஸ் வகைக் கலப்பினம். கட்டைவிரல் நீளக் கணுக்கள் ஒன்றோடொன்று கோத்தாற்போலத் தொங்கி மார்கழியில் பூத்தால் கிறிஸ்துமஸ் காக்டஸ். அதன் ஊர் பிரேசில்.

வயதைச் சொல்வது அடித்தண்டு. பச்சை போய், பழுப்பேறி, தக்கைபோல் தடித்திருந்தால் செடிக்கு வயதாகிவிட்டது என்று பொருள், நோய் என்று பொருளில்லை. பலர் இதைப் பார்த்துவிட்டு அழுகிவிட்டதென்று வெட்டி எறிகிறார்கள். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் அது முதுமை. கொழகொழத்து நீர் விட்டால்தான் அழுகல்.

மரத்தின் மேல் ஒரு வீடு

காக்டஸ் என்றதும் மணலும் வெயிலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு கிளை காட்டுக்குள் போய் மரமேறிவிட்டது. நம் செடி அந்தக் கிளையைச் சேர்ந்தது. கிளைகள் பிரியும் கவட்டில் சருகும் பாசியும் சேர்ந்து மட்கும். அந்தக் கைப்பிடி மட்குதான் அதற்கு நிலம். மரத்திலிருந்து அது உணவை உறிஞ்சுவதில்லை. ஏறி உட்கார மட்டும் இடம் கேட்கும், அவ்வளவே. மழை அடிக்கடி நனைக்கும், ஆனால் தண்ணீர் ஒரு நிமிஷம் தங்காது, கிளைவழியே வழிந்துவிடும். மேலே இலைக்கூரை இருப்பதால் வெயில் சல்லடையில் சலித்துத்தான் கீழே வரும். தண்டு பட்டையாகிப்போனதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. பாலைவனத்து உறவினர்கள் நீரைக் காக்க உருண்டு திரண்டார்கள். இவன் நிழலில் கிடைக்கும் வெளிச்சத்தைப் பிடிக்க விரிந்தான்.

பாலைவனச் சொத்து ஒன்றை மட்டும் அவன் கைவிடவில்லை. பகலில் மூச்சுத் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அமிலமாகச் சேமித்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் அதைச் சமைக்கும் பழக்கம் அது. கிளைக் கவட்டில் மழை நின்ற நாலாம் நாளே வறட்சிதான். அந்த வறட்சியைத் தாங்க இந்தச் சிக்கனம் உதவியது. நம் மொட்டைமாடியில் மாதக்கணக்கில் யாரும் கவனிக்காமல் உயிர் பிழைத்திருப்பதும் இதனால்தான்.

பூவும் இரவுக்காக ஆனதே. வெள்ளை நிறம், தூரத்துக்கு எட்டும் வாசனை, ஒரு சாண் நீளக் குழல், குழலின் அடியில் தேன். நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட பருந்து அந்துப்பூச்சிகளுக்காக வைத்த விருந்து அது.

மரமேறிய இந்தக் கிளையில் இன்னொரு செடியையும் சொல்ல வேண்டும். ரிப்சாலிஸ் என்ற ஒல்லித் தண்டுக் காக்டஸ் ஒன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமல்லாமல் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையின் ஈரக்காடுகளிலும் தன்னால் வளர்கிறது. மனிதர் கைபடாமல் பழைய உலகத்துக்கு வந்து குடியேறிய காக்டஸ் அது ஒன்றுதான். அதன் ஒட்டும் விதைகளைப் பறவைகள் சுமந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. மற்ற காக்டஸ்கள் எல்லாவற்றுக்கும் மனிதர்கள்தான் வாகனம்.

காகிதத்தில் செய்த முதல் பயணம்

நம் செடி காட்டைவிட்டுக் கிளம்பிய கதையில் ஒரு பெரிய அரசாங்கக் காரியம் உண்டு. தன் அமெரிக்க உடைமைகளில் என்னென்ன செடிகொடிகள் இருக்கின்றன என்று அறிய ஸ்பெயின் அரசு 1787-இல் ஒரு தாவரவியல் குழுவை மெக்சிகோவில் இறக்கியது. தலைவர் மார்ட்டின் செஸ்ஸே என்ற மருத்துவர். மெக்சிகோவிலேயே பிறந்த ஹோசே மரியானோ மொசிஞோவும் பின்னர் சேர்ந்துகொண்டார். அட்டனாசியோ எச்செவெரியா, விசென்டே டி லா செர்டா என்று இரண்டு ஓவியர்கள் கூடவே போனார்கள். 1803 வரை அந்த வேலை நடந்தது. உலர்த்திய செடிகளும் குறிப்புகளும் வண்ண ஓவியங்களும் கட்டுக்கட்டாக மாட்ரிட் போய்ச் சேர்ந்தன.

போன இடத்தில் அவற்றைச் சீந்த ஆளில்லை. செஸ்ஸே 1808-இல் இறந்துபோனார். நெப்போலியனின் அண்ணன் ஜோசப் ஸ்பெயினை ஆண்ட காலத்தில் மொசிஞோ அந்த ஆட்சியில் பதவி வகித்தார். பிரெஞ்சுப் படை பின்வாங்கியதும் அவரும் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஓடும்போது அந்த ஓவியங்களைக் கைவிடவில்லை. தெற்குப் பிரான்சின் மோன்பெலியே நகரில், அக்காலத்தின் பெரிய தாவரவியலாளர்களில் ஒருவரான தெ காந்தோலிடம் அவற்றைக் காட்டினார். கிழவருக்கு நாடில்லை, வருமானமில்லை, கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. காந்தோல் தம் சொந்த ஊரான ஜெனிவாவுக்குத் திரும்பியபோது ஓவியங்களை அவரிடமே ஒப்படைத்து அனுப்பினார்.

1817-இல் ஸ்பெயினுக்குத் திரும்ப மொசிஞோவுக்கு அனுமதி கிடைத்தது. ஓவியங்களைத் திருப்பித் தரும்படி கேட்டு எழுதினார். காந்தோலுக்குத் தூக்கம் போய்விட்டது. ஊரில் படம் வரையத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லியனுப்பினார். ஜெனிவாவின் சீமாட்டிகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் உட்கார்ந்து, சுமார் பத்து நாட்களுக்குள் அந்த ஓவியக் குவியலின் பெரும்பகுதியைப் பிரதியெடுத்து முடித்தார்கள். மூலங்கள் மொசிஞோவிடம் திரும்பின. 1820-இல் அவர் பார்சிலோனாவில் காலமானதும் அவை கண்ணில் படாமல் போயின. நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, பார்சிலோனாவில் ஒரு குடும்பத்திடம் இருந்த சுமார் 2,000 ஓவியங்களை 1981-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள ஹன்ட் தாவரவியல் ஆவண நிறுவனம் வாங்கியது.

இடைப்பட்ட காலம் முழுக்க உலகம் நம்பியிருந்தது ஜெனிவாவில் இருந்த பிரதிகளைத்தான். 1828-இல் காந்தோல் வெளியிட்ட தாவரத் தொகுப்பில் நம் செடி சீரியஸ் ஆக்சிபெட்டாலஸ் என்று முதல்முதலாக அச்சேறியது. அதற்கு ஆதாரம் மெக்சிகோ குழு விட்டுச்சென்ற ஓவியச் செல்வம்தான். மறு ஆண்டே ஆங்கிலேயர் அட்ரியன் ஹாவர்த் அதை எபிஃபில்லம் பேரினத்துக்கு மாற்றினார். அந்தப் பெயர்தான் இன்றும் நிலைத்திருக்கிறது.

கப்பலில் வந்தது ஒன்று, கையில் வந்தது ஒன்று

இந்தியாவுக்குக் காக்டஸ் வந்ததில் எல்லோரும் அறிந்தது சப்பாத்திக்கள்ளியின் கதை. சிவப்புச் சாயம் தரும் கோச்சினீல் பூச்சியை அதன்மேல் வளர்த்து ஸ்பெயினின் ஏகபோகத்தை உடைத்துவிடலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கணக்குப் போட்டது. சென்னையில் கம்பெனியின் மருத்துவரான ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து பூச்சியைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். வந்தது உயர்ந்த ரகப் பூச்சி இல்லை, சாயத் தொழில் தேறவில்லை. சப்பாத்திக்கள்ளி மட்டும் வேலியைத் தாண்டிக் காடுமேடெல்லாம் பரவியது. கடைசியில் அதே குடும்பத்துப் பூச்சிகளை விட்டுத்தான் அதை ஒடுக்க வேண்டியிருந்தது. 1926-இல் இலங்கை வழியாக வந்த பூச்சி இனம் தென்மாவட்டங்களில் அந்த வேலையைச் செய்தது.

எபிஃபில்லம் இப்படி உத்தரவுபெற்று வந்த சரக்கல்ல. அதில் சாயமில்லை, நாரில்லை, வீட்டில் காய்ப்பதும் இல்லை. ஓர் இரவுப் பூவுக்காக யாரோ ஒடித்துக் கொடுக்க, இன்னொருவர் வாங்கி வைத்து, இப்படியே கைமாறிக் கைமாறி உலகின் வெப்பநாடுகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இலங்கையில் அதைக் கடுபுல் என்று கொண்டாடுகிறார்கள். சீனாவில் அதன் பெயர், வந்த வேகத்தில் மறைந்துபோகும் புகழைச் சொல்லப் பயன்படுகிறது. கேரளத்தில் நிஷாகந்தி, திருவனந்தபுரம் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தின் திறந்தவெளி அரங்குக்கும் அதே பெயர்.

நம் ஊரில் அது கைமாறும் விதம் எல்லோருக்கும் தெரிந்ததே. பூத்த இரவில் அக்கம்பக்கம் கூடி நிற்கும். கிளம்பும்போது ஒருவர் தயங்குவார்.

“அக்கா, ஒரு இலை ஒடிச்சுக்கவா?”

“எடுத்துக்கோ. நாலு நாள் வாடவிட்டு அப்புறம் வை. உடனே மண்ணுல சொருகாதே, அழுகிடும்.”

தோட்டக்கலைப் பாடப்புத்தகம் சொல்வதும் இதற்குமேல் எதுவுமில்லை. இந்தப் பரிமாற்றத்துக்குப் பின்னால் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. ஒடித்து வைத்த துண்டு குழந்தை அல்ல, அதே செடி. உங்கள் மாடியில் இருப்பதும், கொடுத்தவர் வீட்டில் இருப்பதும், அவருக்குக் கொடுத்தவர் வீட்டில் இருப்பதும் ஒரே உடம்பின் துண்டுகள். பூ இத்தனை பூத்தும் காய் பிடிக்காத காரணத்தை இங்கே தேடலாம். இந்தச் செடி தன் மகரந்தத்தில் தானே காய்ப்பது அரிது. தெருவில் உள்ள எல்லாமே ஒரே உடம்பாக இருந்தால், பக்கத்து வீட்டு மகரந்தமும் தன்னுடையதுதானே? பழம் பார்க்க ஆசையிருந்தால், வேறு எங்கோ தூரத்திலிருந்து வந்த செடி ஒன்றோடு இரவிலேயே மகரந்தம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

தொட்டியைக் கவிழ்த்தால்

எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஏற்பாடானபோது, கொல்லையில் கிடந்த எபிஃபில்லம் தொட்டியைப் பக்கத்து வீட்டம்மாள் தூக்கி வந்தார். கவிழ்த்துத் தட்டியதில் மண் வரவில்லை. வேர்ப்பந்துதான் தொட்டியின் அச்சாக வெளியே வந்தது. சுற்றிச் சுற்றி ஓடிய வேர்கள், நடுவில் மண் என்று சொல்ல ஏதுமில்லாத சாம்பல் நிறத் தூள். தொட்டியின் வாய் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிவம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருடக்கணக்கில் விட்டுச்சென்ற கணக்கு அது. வெயில் பக்கத்துத் தண்டுகள் மஞ்சளித்திருந்தன. சுவர்ப் பக்கத்தில் வெளிச்சம் தேடி நீண்டவை விரல் தடிமன்கூட இல்லாமல் துவண்டன. கண்களின் இடுக்கில் வெள்ளைப் பஞ்சாக மாவுப்பூச்சி. ஆனால் அடித்தண்டு அழுத்தினால் கல்லாக இருந்தது. அது போதும்.

வாடிய செடியைப் பார்த்ததும் கை தானாகத் தண்ணீர்க் குவளைக்குப் போகும். அதற்குமுன் மண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மண் காய்ந்து தண்டு சுருங்கியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தண்டு சுருங்கியிருந்தால் வேர் செத்துவிட்டது. அப்போது தண்ணீர் ஊற்றுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுகிற காரியம். நல்ல தண்டுகளை வெட்டி எடுத்துப் புதிதாக வேர்விடச் செய்வதே அங்கே வைத்தியம்.

தொட்டி மாற்ற ஏற்ற காலம், மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய தை, மாசி. மண்ணைக் கலக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது அந்த மரக்கவட்டைத்தான். செம்மண், நன்றாக மட்கிய இலை அல்லது மண்புழு உரம், தேங்காய் நார்க்கழிவு, சுண்டைக்காய் அளவில் உடைத்த செங்கல் ஆகியவற்றைச் சம பங்காக எடுத்து, கொஞ்சம் அடுப்புக்கரியும் சேர்க்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டே சேர்க்க வேண்டும். கலவையைக் கையில் அள்ளிப் பிடித்தால் புட்டு மாவு போலப் பிடிபட்டு, விரலால் தொட்டதும் உதிர வேண்டும். களிமண்ணாக ஒட்டினால் இன்னும் செங்கல் சேருங்கள். தொட்டி பழையதைவிடக் கொஞ்சமே பெரிதாக இருக்கட்டும். வேர் நெருக்கிக்கொண்டு இருந்தால்தான் இந்தச் செடி பூக்க மனம் வைக்கும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேர் கெடும்.

எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் நிதானம் வேண்டும். கொழகொழத்தவை, துவண்ட ஒல்லித் தண்டுகள் போகட்டும். தழும்பும் கீறலுமாக அசிங்கமாகத் தெரியும் பழைய அகலத் தண்டுகளை விட்டுவையுங்கள். பூ வருவது முதிர்ந்த தண்டின் கண்ணில்தான். போன வருடம் பூத்த தண்டே இந்த வருடமும் வேறு கண்ணில் பூக்கும். அழகு பார்த்து அதையெல்லாம் கழித்துவிட்டால் ஓரிரு வருடம் பூவுக்குக் காத்திருக்க நேரும்.

வெட்டிய துண்டுகளை ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்து பொருக்குத் தட்டியபின், இரண்டு அங்குல ஆழத்தில் நட வேண்டும். எது அடி, எது நுனி என்பதை மறக்காமல் இருக்க, அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனிப்பக்கத்தை நேராகவும் வெட்டி வைப்பது நல்ல பழக்கம். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிட்டு, சில நாள் கழித்தே முதல் தண்ணீர். இப்படி வைத்த துண்டு பூக்க இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துண்டு வைத்தால் அழுகலுக்குத்தான் வைத்ததாக ஆகும்.

மாவுப்பூச்சிக்கு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் கண் கண்ணாகத் துடைத்தெடுப்பதே நல்லது. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் தண்டு கருகும். பூச்சி எறும்போடு சேர்ந்தே வரும் என்பதால் எறும்புச் சாரி எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மேல்மண் காய்ந்தபின் அடித்துளை வழியே வெளியேறும் அளவுக்குத் தாராளமாக விட்டு, மறுபடி காயவிடுவதே முறை. தினமும் ஒரு டம்ளர் என்பது இதற்கு ஆகாது. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் மழைநீர் கிடைக்கும்போது தொட்டியை நன்றாக நனைத்து உப்பைக் கழுவிவிடலாம். தழைச்சத்து மிகுந்த உரம் போட்டால் பச்சைப்பசேலென்று தண்டாக வளரும், பூ மட்டும் வராது. பூப் பருவத்துக்கு முன் சாம்பல்சத்து கூடிய உரம் கொஞ்சம் போதும்.

இடம்தான் முக்கியமான மருந்து. காலை வெயில் படும் கிழக்குப் பக்கம், பகல் முழுக்கச் சலித்த நிழல். சித்திரை வெயிலில் வெறும் மாடி இதற்குத் தண்டனை. வீட்டில் வேம்போ மாமரமோ இருந்தால் தொட்டியை அதன் கிளையில் தொங்கவிடுங்கள். மரத்தின் மேல் வாழப் பிறந்த செடிக்கு அதைவிடச் சொகுசான இடம் கிடையாது.

அந்த ஓர் இரவு

தேறிய செடி முதலில் தருவது ஓரத்துப் பள்ளத்தில் சிவந்த ஒரு பொட்டு. புதுத் தண்டும் அப்படித்தான் தொடங்கும் என்பதால் முதல் வாரத்தில் அவசரப்பட வேண்டாம். தட்டையாக நீண்டால் தண்டு. உருண்டு, செதில் செதிலாக மூடிக்கொண்டால் மொட்டு. மொட்டு விட்டபின் தொட்டியை இடம் மாற்றினாலும், மண்ணை ஒரேயடியாகக் காயவிட்டாலும் அது உதிர்வதுண்டு. மூன்று நாலு வாரத்தில் செந்நிறக் குழல் நீண்டு கீழே தொங்கும். பூக்கும் நாள் நெருங்க நெருங்கக் குழலின் கழுத்து வளைந்து மொட்டை மேல்நோக்கித் தூக்கும். மொட்டு பருத்து, நுனியில் வெள்ளை எட்டிப்பார்த்தால் அன்று இரவுதான்.

எட்டு மணி வாக்கில் வெளிச்செதில்கள் பின்னால் மடங்கத் தொடங்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இதழ் அசைவது கண்ணுக்கே தெரியும். ஒன்று சடக்கென்று விடுபடும், மொட்டு முழுவதும் ஒரு குலுங்கு குலுங்கும், பிறகு கொஞ்ச நேரம் ஓய்வு. பத்து மணிக்கு மேல் ஒரு சாண் அகல வெள்ளைப்பூ. உள்ளே கீழ்ப்பக்கமாக அடுக்கியிருக்கும் எண்ணற்ற மகரந்தத் தாள்கள்; அவற்றுக்கு முன்னால் நீண்டு, நுனியில் பல விரல்களாகப் பிரிந்த சூல்முடி. வாசனையின் முக்கியச் சரக்கு பென்சைல் சாலிசிலேட் என்று வேதியியல் சொல்கிறது. படிக்கட்டு இறங்கிக் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வரும் வேலையை அதுவே செய்துவிடும். சில வீடுகளில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிறார்கள். எல்லா வீடுகளிலும் கைப்பேசிகள் மின்னுகின்றன. விடிவதற்குள் கழுத்து தளர்ந்துவிடும்.

செடி நன்றாகப் பிடித்து நாலைந்து புதுத்தண்டு விட்டபின் செய்ய வேண்டிய பராமரிப்பு ஒன்று மிச்சமிருக்கிறது: ஒடித்துக் கொடுப்பது. இது தருமத்துக்காக மட்டும் சொல்வதல்ல. ஓர் அடைமழையில் வேர் அழுகலாம். வீடு மாறும்போது லாரியில் நசுங்கலாம். வெள்ளையடிக்க வந்தவர் பிடுங்கிப்போட்டுவிடலாம். ஒரே தொட்டியில் இருக்கும்வரை உங்கள் பாட்டி வைத்த செடிக்கு எந்த நாளும் ஆபத்துதான். ஜெனிவாவில் பத்து நாட்கள் உட்கார்ந்து பிரதியெடுத்தவர்கள் மூல ஓவியத்துக்கு நேரவிருந்ததை அறிந்து செய்யவில்லை. ஆனால் மூலம் தொலைந்த காலத்தில் கைகொடுத்தது அவர்களின் பிரதிதான். செடிக்கும் அதே உபாயம். வெவ்வேறு தெருக்களில், முடிந்தால் வெவ்வேறு ஊர்களில், ஐந்தாறு வீடுகளுக்குத் துண்டு கொடுங்கள். கொடுக்கும்போது செடியின் சரியான பெயரையும், உங்களுக்கு அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிவிடுங்கள். நாளை உங்கள் தொட்டி காலியானால், அந்த வீடுகளில் ஒன்றுக்குப் போய் ஒரு துண்டு கேட்டால் போதும். கிடைப்பது அதன் வாரிசு அல்ல, அதே செடி.